காப்புக் கட்டிய கையும் இரட்டை வாய் மெஷினும்

முதலில் நல்ல செய்தி. என் மச்சான் யோகனின் வலது கை சுகமாக இருக்கிறது.

மணிக்கட்டு, உள்ளங்கை, விரல்கள் — எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடைசி வரிவரை உங்களை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வைக்க எனக்கு மனமில்லை. நான் உட்கார்ந்ததே போதும்.

யோகன் என் மனைவி ஜெயந்தியின் தம்பி. பதுளைக் கடைவீதியில் படங்களுக்கு ஃபிரேம் போடும் சின்னக் கடை வைத்திருக்கிறான். கல்யாணப் போட்டோ, பட்டமளிப்புப் போட்டோ, முருகன், மக்கா, மாதா, புத்தர், காலமான அப்பாக்கள்... இந்த ஊரின் எல்லா முகங்களும் ஏதோவொரு நாள் அவன் கடைச் சுவரில் சாய்ந்து நின்று பசை காய்ந்திருக்கின்றன. கடை இங்கே. வீடு மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். காலையில் பனியோடு பஸ்ஸில் வந்து இறங்குவான். மாலையில் மழையோடு ஏறிப் போவான்.

சில மாதங்களுக்கு முன் மொனராகலையில் ஒரு தளபாடப் பட்டறையை மூடினார்கள். அங்கிருந்து ஒரு வாள் மெஷினை வாங்கி வந்தான். இரண்டு மெஷினை ஒன்றாக்கிய மெஷின் அது. கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தால் வட்டப் பிளேடு இறங்கி வந்து, கட்டையின் நுனியை நாற்பத்தைந்து டிகிரிச் சாய்வில் வெட்டித் தரும். ஃபிரேமின் மூலைகள் பொருந்துவது அப்படித்தான். அது கீழ்வேலை.

மேல்வேலை ஒன்றும் உண்டு. மெஷினின் தலையில் சின்ன மேசை ஒன்று பொருத்தியிருக்கிறது. அதே பிளேடின் முதுகு அந்த மேசையின் பிளவு வழியாக வெளியே எட்டிப் பார்க்கும். அதன்மேல் பலகையை வைத்துத் தள்ளினால் நீளவாக்கில் கிழிக்கலாம்.

ஒரே பிளேடு. இரண்டு வாய். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் — நாங்கள் மறந்தது அதைத்தான்.

போன வாரம் யோகனின் தோட்டத்து அம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். மஞ்சள் தோய்த்த நூல். அதில் ஒரு துண்டு மஞ்சள். வலது மணிக்கட்டில். கட்டிய நிமிடத்திலிருந்து தீமிதிப்பு முடியும்வரை அவிழ்க்கக் கூடாது. கறி மீன் இல்லை, சண்டை சச்சரவு இல்லை, இரவில் தோட்டத்தை விட்டு வெளியே தங்குவது இல்லை. பகலில் வேலைக்குப் போய் வரலாம்.

யோகன் சும்மா கட்டிக்கொள்ளவில்லை. போன வருடம் அவன் மகள் டெங்குக் காய்ச்சலில் கிடந்தாள். வார்டு வாசலில் நின்று சுவரைப் பார்த்து, "புள்ளையக் குடுத்துரு தாயே, நான் தீ மிதிக்கிறேன்" என்றான். நானும் பக்கத்தில்தான் நின்றேன். பிள்ளை எழுந்துவிட்டாள். இப்போது ஓடுகிறாள், அடம்பிடிக்கிறாள், அப்பனின் போனில் கேம் விளையாடுகிறாள். ஆகவே இந்த வருடம் அவன் வாக்கைக் காப்பாற்றும் முறை. அந்த நூலோடு தணல் குழியை அவன் கடந்தாக வேண்டும். மற்றதெல்லாம் அவனுக்கு அதற்கப்புறம்தான்.

இதில் சிக்கல் எங்கே வந்தது? அதே கோயிலுக்கு ஒரு ஃபிரேமும் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தான். ஊர்வலத்தில் தூக்கிப் போகும் பெரிய அம்மன் படம். பழைய ஃபிரேமைக் கறையான் தின்றுவிட்டது. தீமிதிப்புக்கு முன் புதியது வேண்டும்.

சுழலும் பிளேடுக்குப் பக்கத்தில் எதுவும் தொங்கக் கூடாது. நூல், சங்கிலி, வளையல், கையுறைகூட வேண்டாம். பிளேடு ஒரு நுனியைப் பிடித்தால் போதும், அதைத் தொடர்ந்து கையும் போகும். நாம் "ஐயோ" என்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். யோகனுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் காப்புக் கட்டிய நாளிலிருந்து அவன் மெஷினைத் தொடவில்லை. சாமிக்கும் மெஷினுக்கும் நடுவில் நல்லபிள்ளையாக நின்றான்.

சனிக்கிழமை மத்தியானம். நானும் ஜெயந்தியும் அவனுக்குச் சைவச் சாப்பாடு கட்டிக்கொண்டு கடைக்குப் போனோம். பலாக்கட்டைகள் நீளம் நீளமாகக் கிடந்தன. யோகன் கையைக் கட்டிக்கொண்டு அவற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"கை வாளால வெட்டேன்டா" என்றாள் ஜெயந்தி.

"வெட்டலாம். மூல பொருந்தாது. அம்மன் படத்துக்குக் கோணல் மூலையோட ஃபிரேம் குடுக்கச் சொல்றியா?"

"வேற தச்சுப் பாஸ் யாரையாச்சும் கூப்புடேன்."

"கூப்புட்டேன். எல்லாரும் செவ்வாக்கெழமைக்கு மேலங்கிறாங்க. அதுக்குள்ள தீமிதிப்பே முடிஞ்சிரும்."

"அப்ப நான் வெட்டுறேன்."

ஜெயந்தி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கோணங்களோடு அவளுக்கு நெடுநாள் பழக்கம். யோகன் அவளை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தான்.

"அக்கா, ஒன்னயக் கண்ணாடில பாரு. முந்தானை தொங்குது. பின்னல் தொங்குது. தாலி தொங்குது. கை நெறைய வளையல். மெஷினுக்கு விருந்து வச்ச மாதிரி வந்து நிக்கிற."

"முந்தானைய சொருகிக்கிறேன். முடியக் கட்டிக்கிறேன். வளையலக் கழட்டிர்றேன்."

"தாலிய?"

ஜெயந்தி ஒரு வினாடி என்னைப் பார்த்தாள்.

"அதுக்கு ஏதாச்சும் ஆனா ஒன் மச்சானுக்குத்தான் ஆபத்து. பேசாம அவரையே வெட்டச் சொல்லு."

நான் எழுதுகிறவன். இருபது வருடமாகச் சொற்களைத்தான் வெட்டியிருக்கிறேன். அதிலும் பாதி தப்பு. ஆனால் அந்தக் கடையில் நூலும் தாலியும் இல்லாத ஆள் நான் ஒருவன்தான். எப்படி மறுப்பது?

உடனே என்னை உரிக்கத் தொடங்கினார்கள். ஸ்வெட்டரைக் கழற்று என்றார்கள். பதுளையில் அன்று தூறல், குளிர்... கழற்றினேன். கண்ணாடியில் கட்டியிருந்த கயிறு போயிற்று. சட்டைக் கை முழங்கைக்கு மேலே ஏறியது. கல்யாண மோதிரம் வர மறுத்தது. சவர்க்காரம் போட்டு ஜெயந்தி இழுத்த இழுப்பில், போட்டுவிட்ட நாளின் மென்மை துளியும் இல்லை.

"பையில பேனா" என்றான் யோகன்.

"பேனா தொங்கலயேடா."

"குனிஞ்சா விழும். அதப் புடிக்கிறேன்னு கைய விடுவீங்க. ஒங்களுக்குக் கைய விடப் பேனா பெருசு, எனக்குத் தெரியும்."

பேனாவையும் கொடுத்தேன். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிட்டான். இப்போது நான் தயார்.

யோகன் மெஷினுக்கு அந்தப் பக்கம் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். "நான் மெஷினத் தொட மாட்டேன் மச்சான். காட்டுறேன், அவ்வளவுதான்."

கட்டையைக் கவ்வியில் இறுக்கச் சொன்னான். இடது கையைப் பிளேடு இறங்கும் வழியிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னான். "சுவிட்ச அமுக்குனதும் எறக்காதீங்க. முழு வேகம் வரட்டும். அப்பறம் மெல்ல. அமுக்காதீங்க, அது தின்னுற வேகத்துல தின்னட்டும். வெட்டி முடிஞ்சதும் சுவிட்ச விடுங்க. ஆனா கைப்பிடியத் தூக்கிறாதீங்க. பிளேடு நிக்கிற வரைக்கும் கீழயே புடிச்சிக்கிட்டு இருக்கணும். விட்டா அதுவா மேல எழும்பிரும்."

முதல் வெட்டு. மெஷின் அலறியது. எனக்குள்ளும் ஏதோ அலறியது. பலாத்தூள் மஞ்சள் மஞ்சளாய்ப் பறந்து என் முன்னங்கையில் வந்து ஒட்டியது. பச்சை மரத்தின் இனிப்பு வாசம். கட்டையின் நுனி கண்ணாடி மாதிரி வழவழவென்று வந்து விழுந்தது. அடடா... ஒரே இழுப்பில் இவ்வளவு முடிவான ஒரு காரியத்தை நான் வாழ்க்கையில் செய்ததே இல்லை. எழுதுகிற வரியை மறுநாள் மாற்றலாம். வெட்டிய கட்டையை மாற்ற முடியுமா?

இரண்டாவது வெட்டு. மூன்றாவது. நடுக்கம் போயிற்று. அடுத்ததில் ஜெயந்தி, "பரவாயில்லயே, இவருக்கும் ஒரு வேலை தெரியுது" என்றாள். அதற்கடுத்ததில் நான் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

ஆபத்து எப்போது வருகிறது? நடுங்கிக்கொண்டிருக்கும்போது வருவதில்லை. பாட்டு வந்தபிறகுதான் வருகிறது.

கடைசிக் கட்டை. கடைசி நுனி. யோகன் அந்தப் பக்கமிருந்து குனிந்து, மெஷின் தலைக்கு மேலாகக் கையை நீட்டிப் பென்சில் கோட்டைக் காட்டினான். "இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மச்சான், கோடு அழியாம இருக்கணும்." கைப்பிடியை இறக்கினேன். பிளேடு கட்டையைக் கடந்தது. முடிந்தது! வெட்டு எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கும் ஆசை... சுவிட்சை விட்டேன். கைப்பிடியையும் விட்டேன்.

மெஷினின் தலை விருட்டென்று மேலே எழும்பியது. பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

இப்போது நீங்கள் அந்த மேல்மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் தலையோடு சேர்ந்துதான் எழும்பும். காப்புக் கட்டுவதற்கு முந்தின நாள் யோகன் மெல்லிய பட்டிகளைக் கிழித்திருக்கிறான். அதற்காக மேசையைத் தாழ்த்தி, பிளேடின் முதுகை நன்றாக வெளியே எடுத்திருக்கிறான். அதை மூடும் கவர் இடைஞ்சலாக இருக்கிறதென்று கழற்றி, சுவர்த் தட்டில் பிஸ்கட் டின்னுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். பிறகு காப்புக் கட்டியாயிற்று, மெஷினைத் தொடவில்லை. எல்லாம் அப்படியே கிடந்தது. நாங்கள் மூன்று பேரும் அன்றைக்கு முழுக்கக் கீழ்வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். மேல்வாய் திறந்தபடி இருந்தது. அதன் மேலேதான், தலை இறங்கியபோது கூடவே தாழ்ந்து, இன்னும் நீட்டியபடியே, யோகனின் வலது மணிக்கட்டு.

'டிக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நகம் வெட்டுகிற மாதிரி. மஞ்சள் துண்டு பறந்துபோய், யாரோ ஒருவரின் கல்யாணப் படக் கண்ணாடியில் பட்டு விழுந்தது.

யோகன் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டான்.

ஜெயந்தி போட்ட சத்தம் கடைவீதி முழுக்கக் கேட்டிருக்கும். பக்கத்துத் துணிக்கடை ரபீக் நானா ஓடிவந்தார். யார், என்ன என்று ஒன்றும் கேட்கவில்லை. நேரே சுவருக்குப் போனார். "வயர முதல்ல கழட்டுங்கோ!" என்றபடி தானே பிளக்கைப் பிடுங்கினார். அதற்குப் பிறகுதான் திரும்பினார். நான் மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். என் கண் தரையில் இரத்தத்தைத் தேடியது. மஞ்சள் தூள்தான் இருந்தது. வேறு நிறம் இல்லை.

"கையத் தொறடா" என்றாள் ஜெயந்தி. "தம்பி, கையத் தொறந்து காட்டுடா சாமி..."

மெல்லத் திறந்தான். பெருவிரல். சுட்டுவிரல். மற்றவை ஒவ்வொன்றாய். மணிக்கட்டில், யாரோ சிவப்புப் பேனாவால் இழுத்த மாதிரி ஒரு கோடு. தோல்கூடக் கிழியவில்லை. நூல் மெல்லிசு, தண்ணீரிலும் வியர்வையிலும் இற்றிருந்தது. இழுக்குமுன் அறுந்துவிட்டது. மெல்லிசாக இருந்ததால் தப்பினோம். நல்ல முறுக்கு நூலாக இருந்திருந்தால்?

நான் அந்தக் கேள்வியை இன்றுவரை முழுக்கக் கேட்டுப் பார்க்கவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். சிரிப்பு வந்தது, கண்ணீர் வந்தது, இரண்டும் ஒரே பாதையில் முட்டிக்கொண்டன. ஆனால் யோகன்? அவன் தன் கையைப் பார்க்கவே இல்லை. மண்டியிட்டு மரத்தூளைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"காப்பு... அக்கா, காப்பு எங்க?"

கிடைத்தது, துண்டு துண்டாக. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவன் விம்மி விம்மி அழுதான். "தீ மிதிக்காம அறுந்துபோச்சே. புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருமோ? அக்கா, புள்ளைக்கு ஏதாச்சும்..." ஜெயந்தியும் கூட உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டாள்.

ரபீக் நானா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நூலுக்கு அழுவுறீங்க. கைக்கு ஒருத்தரும் அழுவல்லயே!"

கோயில் பூசாரி முனியாண்டி யோகனோடு ஒன்றாகப் படித்தவன். தேயிலை ஃபெக்டரியில் வேலை. திருவிழா நாட்களில் மட்டும் பூசாரி. அவனுக்குப் போன் எடுத்தோம். யோகன் இன்னும் விம்மிக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில் போட்டுக் கையில் கொடுத்தேன்.

"முனியாண்டி... காப்பு அறுந்துருச்சுடா."

அந்தப் பக்கம் ஃபெக்டரி இரைச்சல். "எப்பிடி?"

"வாள் மெஷின்ல."

"கை?"

"கை இருக்கு."

"இருக்கா? நல்லாப் பாத்தியா?"

"இருக்குடா."

"அப்பறம் எதுக்குடா எழவு வீட்டு மாதிரி அழுவுற? எனக்கு இங்க குலை நடுங்கிப்போச்சு. சாயங்காலம் வா, வேற கட்டிவிடுறேன்."

"வேற கட்டலாமா?"

"ஏன் கட்டக் கூடாது? வருசா வருசம் கொழுந்து எடுக்கப் போற பொம்பளைங்களுக்குத் தேயிலக் கொப்புல மாட்டி அறுந்துக்கிட்டேதான் இருக்கு. வந்து நிப்பாங்க, கட்டி விடுவேன். ஆத்தா என்ன, ஒன்ன மாதிரி வெவரங்கெட்டவளா?"

யோகன் மூக்கை உறிஞ்சினான். "இல்லடா, மறுபடி கையில கட்டுனா, மெஷின்ல..."

"மணிக்கட்டுலதான் கட்டணும்னு யாரு சொன்னா? நீ கைய நீட்டுன, கட்டிவிட்டேன். முழங்கைக்கு மேல கட்டிக்க. நான் எங்க கட்டியிருக்கேன்னு நெனைக்கிற? கொழுந்த அரைக்கிற ரோலருக்குப் பக்கத்துல நிக்கிறவன்டா நான். மணிக்கட்டுல கட்டிக்கிட்டு நின்னா தேயிலத் தூளோட என்னயும் சேத்துப் பொதி கட்டிருவானுங்க. சட்டைக்குள்ள மேல ஏத்திக் கட்டி, நுனிய ஒட்ட வெட்டிவிட்டிருக்கேன். என்னயக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

கேட்டிருந்தால். அதுதான் விஷயம். யோகன் கேட்கவே இல்லை. நாங்களும் கேட்கச் சொல்லவில்லை. சாமி விஷயம், அதில் ஒரு அங்குலம்கூட நகர முடியாது என்று நாங்களாகவே முடிவுகட்டிவிட்டோம். மெஷின் விஷயத்திலோ, கவர் இல்லாவிட்டால் என்ன, ஒரு வினாடி முன்னால் விட்டால் என்ன என்று தாராளமாக இருந்தோம். சாமி கண்டிப்பு, மெஷின் விட்டுக்கொடுக்கும் — இப்படித்தான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியே தலைகீழ். சாமியிடம் போய்ச் சொன்னால் வேறு நூல் கிடைக்கும். மெஷினிடம் எதைச் சொல்லி வேறு கை வாங்குவது?

இந்த மாதிரி இரட்டை மெஷின் வைத்திருக்கும் வாசகர்கள் யாராவது இருந்தால், உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும். கீழே வெட்டுகிறீர்களா? மேல்மேசையைக் கடைசிவரை உயர்த்தி, பிளேடின் முதுகை மறைத்து, கவரையும் போட்டுவிடுங்கள். மேலே கிழிக்கிறீர்களா? தலையைக் கீழே இறக்கிப் பூட்டி, கீழ்ப்பக்கப் பிளேடை மூடிவிடுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள். பிளேடு நிற்கும்வரை கைப்பிடியை விடாதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும், விடாதீர்கள். முக்கியமாக இன்னொன்று: எங்கள் கடையில் என்னைத்தான் மோதிரம்வரை உரித்தார்கள். கை போயிருக்கக்கூடியது மெஷினைத் தொடாமல் எதிரே நின்றவனுக்கு. அந்த விதியெல்லாம் வெட்டுகிறவருக்கு மட்டும் என்று யார் சொன்னது? பார்த்துக்கொண்டு நிற்பவருக்கும், காட்டித் தருகிறவருக்கும் சேர்த்துத்தான்.

அன்று மாலையே முனியாண்டி புதிய காப்பை யோகனின் முழங்கைக்கு மேல் கட்டினான். நுனியைப் பல்லால் கடித்து வெட்டினான். நெற்றியில் விபூதியைப் பூசிவிட்டு, "இனி அழுதேன்னா ஒதைப்பேன்" என்று ஆசீர்வதித்தான்.

தீமிதிப்பு அன்று பின்னேரம் வெயில் நன்றாக அடித்தது. மடுல்சீமையில் அது அபூர்வம். குழியின் அந்தப் பக்கம் அம்மன் படம், புதிய பலா ஃபிரேமில், மாலையோடு. அதன் பக்கத்தில் ஜெயந்தியின் கையைப் பிடித்தபடி யோகனின் மகள். மேளம் ஏறிக்கொண்டே போனது. யோகன் வந்தான். கண் எங்கேயும் இல்லை, நேரே மகள்மேல். தணலில் கால் வைத்தான்... அடுத்து என்ன நடந்தது என்று எனக்குச் சரியாகத் தெரியாது, கண்ணை மூடிவிட்டேன். திறந்தபோது அவன் அந்தப் பக்கம் நின்று பிள்ளையைத் தூக்கிவைத்திருந்தான். "அப்பா, சுட்டுச்சா?" என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

முனியாண்டி அம்மன் படத்துக்குச் சூடம் காட்டினான். அந்த வெளிச்சத்தில் ஃபிரேமின் ஒரு மூலை அவன் கண்ணில் பட்டுவிட்டது. நான் கடைசியாக வெட்டிய மூலை. கைப்பிடியை விட்டபோது எழும்பிய பிளேடு உரசியதில் நுனி பிசகியிருந்தது. வேறு கட்டை இல்லாததால் யோகன் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்திருந்தான். வெயிலில் அது காய்ந்து, வெடித்து...

"ஏண்டா யோகு, இந்த மூல ஏன் இப்பிடி இளிக்குது? எந்தப் பாஸ் செஞ்சது?"

மேளம் நின்றிருந்தது. எல்லாருக்கும் கேட்டது. யோகன், வியர்வையும் சாம்பலுமாக, பிள்ளையை இடது இடுப்புக்கு மாற்றினான். வலது கையை உயர்த்தி, கூட்டத்தின் நடுவே நின்ற என்னை நேராகச் சுட்டிக்காட்டினான். ஊரே திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

நான் அந்த விரலைப் பார்த்தேன். பக்கத்து விரல்களையும் பார்த்தேன். எல்லாம் வந்திருந்தன.

என் வாழ்நாளில் இவ்வளவு அழகாக என்னை யாரும் காட்டிக்கொடுத்ததில்லை.